பத்தாம் வகுப்பும் பத்து மணி நேர நாற்காலியும்: பதின்வயதினர் உடற்பயிற்சி குறித்த கேள்வி-பதில்

பதின்வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு, உடற்பயிற்சி, உட்கார்ந்தே கழியும் பொழுது ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

மகன் பத்தாம் வகுப்பு. காலை 6 மணிக்கு டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். வீடு திரும்ப இரவு 8 ஆகிறது. தினமும் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும் என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்?
– ஒரு தாய், திருப்பூர்

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் தேவையில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்பதுதான். அதாவது வாரத்துக்கு 420 நிமிடம். செவ்வாய்க்கிழமை 25 நிமிடம்தான் தேறியது என்றால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஐந்து, பத்து நிமிடத் துண்டுகளும் சேரும்.

எந்த நிமிடம் கணக்கில் வரும் என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அது தீவிர உழைப்பு. வாரத்தில் 3 நாளாவது தீவிரமாக உழைப்பதும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும் தாவுதல், தண்டால் போன்றவையும் அந்த 420க்குள் இருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு முதலில் மாற்ற வேண்டியது பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடும் பழக்கத்தை. டியூஷன் 2 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் சைக்கிளில் எட்டு, பத்து நிமிடம். டியூஷனுக்கும் பள்ளிக்கும் போய்வந்தால் நாளுக்கு 35 நிமிடம் வரை தானாகவே கிடைத்துவிடும். காலையும் இரவும் இருட்டு என்பதால் முன் விளக்கும் பின்னால் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரும் கட்டாயம். லாரி ஓடும் மெயின் ரோடுதான் வழி என்றால் சைக்கிள் வேண்டாம். பள்ளி பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி வேகமாக நடக்கட்டும். மீதிக்கு மொட்டை மாடியில் ஸ்கிப்பிங்: 30 விநாடி குதி, 30 விநாடி நில், பத்து சுற்று. பத்தே நிமிடம்தான், ஆனால் தீவிரக் கணக்கில் சேரும்.

உட்கார்ந்திருப்பது தனிக் கணக்கு. ஒரு மணி நேரம் நன்றாக ஆடிவிட்டு மீதி பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாத பிள்ளைக்கும் கழுத்துவலி, இடுப்புப் பிடிப்பு, மதிய மந்தம் எல்லாம் வரும். 40 நிமிடம் படித்தால் 3 நிமிடம் எழுந்து நிற்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, குதிகாலை உயர்த்தி இறக்குவது 20. மனப்பாடப் பகுதிகளை நடந்துகொண்டே சொல்லலாம். வரைபடம், கணக்கு இரண்டுக்கும்தான் மேஜை வேண்டும். இடைவேளையில் கைபேசி மட்டும் வேண்டாம், அதுவும் உட்கார்ந்தே கழியும் நேரம்தான்.

இதற்காகத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நான்கரை மணிக்கு எழுப்பி நடக்கவைப்பது லாபமில்லாத வியாபாரம்.

எங்கள் பையன் ஞாயிறு முழுக்கத் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். அது போதாதா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

ஆட்டம் எவ்வளவு நேரம் நடந்தது என்பதைவிட அவன் எவ்வளவு நேரம் ஓடினான் என்று பாருங்கள். பதினொரு பேர் கிரிக்கெட்டில் பேட்டிங் வரிசைக்காகத் திண்ணையில் காத்திருப்பதும், பந்தே வராத மூலையில் நிற்பதும்தான் அதிகம். ஆறு பேர் அணி, 5 ஓவர், ஆளுக்கு ஒரு ஓவர் பந்துவீச்சு, மட்டையில் பந்து பட்டால் ஓடியே ஆக வேண்டும் என்று விதி வைத்தால் அதே தெருவில் எல்லோருக்கும் வியர்க்கும். வாரத்தின் மற்ற ஆறு நாளுக்கும் ஏதாவது வேண்டும் என்பது வேறு விஷயம்.

மகளுக்கு 13 வயது. ஆறாம் வகுப்பு வரை கோ-கோ அணியில் இருந்தாள். இப்போது விளையாட்டு என்றாலே வேண்டாம் என்கிறாள். சோம்பலா, வேறு ஏதாவதா?
– ஒரு தாய், மதுரை (இதே போல இன்னும் சிலர்)

சோம்பல் என்று முடிவு கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அநேகமாக அவற்றில் ஒன்றாவது இருக்கும்.

முதலாவது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. முன்பு சுலபமாக ஓடிய பெண் இரண்டாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், மதியமே படுத்துக்கொண்டால், ஐஸ் கட்டி, அரிசி, சாக்பீஸ் என்று தின்னத் தோன்றினால், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அரசுத் திட்டத்தில் வாரம் ஒரு முறை பள்ளியில் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது தடுப்புக்கான அளவு. ஏற்கெனவே குறைந்துவிட்டது என்றால் மருத்துவர் தினசரி மாத்திரை தருவார். வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவது ஊரறிந்த ரகசியம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். புழு இருக்கும் வயிற்றுக்கு இரும்பு எவ்வளவு தந்தாலும் வீண்.

இரண்டாவது உடை. உடம்பு மாறும் வயதில் ஓடும்போது மார்பு வலிக்கும், எல்லோரும் பார்ப்பதாகவும் தோன்றும். இதை அவளாக வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சரியான அளவில் இரண்டு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுத்தாலே திரும்ப விளையாட வரும் பெண்கள் உண்டு. அணிந்தபின் கீழ்ப்பட்டியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. துப்பட்டாவோடு பி.டி. வகுப்புக்கு வரச் சொல்லும் பள்ளி என்றால் டிராக் பேண்ட், தளர்வான டி-ஷர்ட்டுக்கு அனுமதி கேளுங்கள். நான்கைந்து தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மூன்றாவது மாதவிடாய். அந்த நாட்களில் ஆடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நடையும் லேசான ஓட்டமும் வயிற்றுவலியைக் குறைக்கவே செய்யும். வலி அதிகமென்றால் அன்று ஓய்வு, அவ்வளவுதான். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெண்களில் பலர் விளையாட்டை விடுவதற்கு உண்மையான காரணம் மைதானம் அல்ல, பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிப்பறை. கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால், ‘விளையாடினால் அப்படித்தான்’ என்று விடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு 15 வயது. ஜிம் போனால் உயரம் நின்றுவிடும் என்கிறார் அப்பா. உண்மையா? புரோட்டீன் பவுடர் சாப்பிடலாமா?
– ஒரு மாணவர், சேலம்

எடை தூக்குவதால் உயரம் நிற்காது, தம்பி. அப்பாவின் பயத்துக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. இந்த வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இன்னும் மூடாமல் இருக்கும். யாரும் பார்த்துக்கொள்ளாத ஜிம்மில், நண்பனோடு போட்டி போட்டு, தாங்காத எடையைத் தூக்கிக் கீழே போடும்போது அது அடிபடலாம். ஆபத்து அங்கேதான். முறையாகச் செய்தால் எலும்பு உறுதிப்படும். அதற்கு இதைவிட நல்ல வயது திரும்ப வராது.

முதல் இரண்டு மாதம் ஜிம்மே வேண்டாம், உன் உடம்பு எடை போதும். திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு:

உட்கார்ந்து எழுதல் 10 தடவை. பாதம் தோள் அகலத்தில், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. பின்னால் ஒரு நாற்காலி போட்டு அதைத் தொட்டு எழுந்தால் முறை பிடிபடும்.

தண்டால் 8 தடவை. தரையில் இடுப்பு தொங்கினால் கட்டிலின் விளிம்பிலோ திண்ணையிலோ கை ஊன்றிச் செய். முட்டி போட்டுச் செய்வதைவிட இது நல்லது, தலை முதல் குதிகால் வரை உடம்பை நேராகப் பிடிக்கப் பழக்கும்.

புத்தகப் பையில் 4 கிலோ வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, ஒரு கையால் விலா வரை இழுப்பது பக்கத்துக்கு 10. தண்டாலை மட்டும் செய்து முதுகை விட்டுவிடும் பையன்களுக்குத்தான் தோள் முன்னோக்கி வளையும்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது 12. முழங்கையில் ஊன்றிப் பலகை போல நிற்பது 20 விநாடி. இந்த ஐந்தும் ஒரு சுற்று. இடையில் ஒரு நிமிடம் விட்டு இரண்டு சுற்று. 15 தடவை முறை குலையாமல் வந்தால்தான் அடுத்த படி. பிறகு ஜிம் போனாலும் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று சோதித்துப் பார்க்காதே. எடை ஏற்றுவது ஒரு முறைக்கு 5 முதல் 10 சதவீதம்.

பவுடர் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி 13–15 வயதுப் பையனுக்கு நாளுக்கு 45 கிராம் புரதம், 16–18 வயதுக்கு 55 கிராம். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கிண்ணம் சுண்டலில் 6. மீதியை சாம்பார், தயிர், அரிசி, மீன் பார்த்துக்கொள்ளும். பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லி விற்கும் பொடிகளிலும் எனர்ஜி டிரிங்கிலும் காஃபீன் உண்டு. எனர்ஜி டிரிங்க் டப்பாவிலேயே குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பார்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்து வலிக்கிறது. கபடி ஆடுகிறேன், வயது 13.
– ஒரு மாணவர், மன்னார்குடி

பெரும்பாலும் ‘ஆஸ்குட்-ஷ்லாட்டர்’ என்ற வளர்ச்சிப் பருவ வலியாக இருக்கும். தொடைத் தசையின் நாண் முழங்கால் சில்லைத் தாண்டி வந்து கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடம் அது. கிடுகிடுவென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். ஓடி, தாவி, மண்டியிடும் ஒவ்வொரு தடவையும் நாண் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும்.

முழு ஓய்வு தேவையில்லை. வலிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்று நீயே போடு. மூன்று வரை என்றால் ஆடலாம். அதற்கு மேல் போனாலும், மறுநாள் காலை வலி நீடித்தாலும் தாவுதலையும் வேக ஓட்டத்தையும் பாதியாகக் குறை. ஆடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைப் பின்னால் இழுத்துத் தொடையை நீட்டுவது 30 விநாடி, காலுக்கு மூன்று. மண்டியிடும் வேலைக்கு முழங்கால் உறை (நீ-பேட்) போட்டுக்கொள். மாதக்கணக்கில் வந்து வந்து போகும், வளர்ச்சி முடிந்ததும் அடங்கும், புடைப்பு மட்டும் தங்கிவிடலாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவச் சொல்லி எங்கும் போகாதே.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. இரவில் எழுப்பும் வலி, காய்ச்சலோடு வலி, முட்டி முழுதும் வீக்கம், இவற்றை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எடை கூடிய பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நொண்டினால் அன்றே எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இடுப்பு மூட்டில் வளர்ச்சித் தட்டு நழுவும்போது வலி முழங்காலில்தான் தெரியும். முழங்காலை மட்டும் படமெடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது உண்டு, இடுப்பையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கைபேசியில் 10,000 காலடி காட்டினால் அன்றைய கணக்கு முடிந்ததா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதின்வயதினருக்கு 10,000 முதல் 11,700 வரை என்பது ஒரு மணி நேர உழைப்புக்கு ஏறக்குறைய ஈடு. ஆனால் கைபேசி பையில் கிடக்கும் நேரத்தையும், சைக்கிள், நீச்சல், சிலம்பம் போன்றவற்றையும் அது சரியாக எண்ணாது. எண்ணிக்கையைவிட வேகம் முக்கியம், நிமிடத்துக்கு 100 அடிக்குக் குறையாமல் நடங்கள்.

நான் பி.டி. ஆசிரியர். 40 நிமிட பீரியட், 50 பிள்ளைகள், இரண்டு பந்து. அதுவும் மாதத்தில் பாதி பீரியட்களைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். என்ன செய்ய?
– விழுப்புரம் மாவட்டம்

மீதிப் பாதியிலாவது எல்லோரும் ஓடும்படி செய்யலாம். பி.டி. வகுப்பில் நேரத்தை விழுங்குவது வரிசை. 50 பேர் ஒரு வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை தாண்டினால், ஒரு பிள்ளை உழைப்பது மொத்தமே ஒரு நிமிடம்.

கோ-கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான ஆட்டம். ஆனால் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பது எட்டுப் பேர் குந்தியபடி, ஒருவர் துரத்த, மூவர் ஓட. பன்னிரண்டில் நால்வருக்குத்தான் ஓட்டம், மீதி வகுப்பு வேடிக்கை பார்க்கிறது. கோட்டைச் சுருக்கி, நான்கு பேர் மட்டும் குந்தும் சிறு களங்களாக மூன்று போட்டு, 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள். கபடியும் அப்படியே, நான்குக்கு நான்கு, சுண்ணாம்புக் கோட்டில் சிறு களம். ‘அவுட்’ ஆனவர் உட்கார வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். அந்த விதியில் முதலில் உட்காருவது யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். அவுட் ஆனவர் மைதானத்தின் ஓரத்தில் 10 முறை குதித்துவிட்டுத் திரும்ப வரட்டும்.

பந்தில்லாத நாளுக்கு நிலையங்கள். 50 பேரை ஐந்தைந்தாகப் பத்துக் குழுவாகப் பிரித்து, ஐந்து நிலையத்துக்கு இரண்டிரண்டு குழு. ஸ்கிப்பிங் (கயிறு இல்லாதவர் கயிறு இருப்பதாக எண்ணிக் குதிக்கலாம்), 10 மீட்டர் இடைவெளியில் போய்த் தொட்டுத் திரும்புதல், படியில் ஏறி இறங்குதல், சுவரில் தண்டால், தவளைத் தாவல். 40 விநாடி வேலை, 20 விநாடியில் அடுத்த நிலையம், விசிலுக்கு மாற வேண்டும். மூன்று சுற்றுக்கு 15 நிமிடம் ஆகும். வருகைப் பதிவை நிற்கவைத்து எடுக்காமல் முதல் சுற்றின்போதே எடுத்துக்கொண்டால் கடைசி 15 நிமிடம் ஆட்டத்துக்கு மிஞ்சும்.

தயவுசெய்து மைதானத்தைச் சுற்றி ஓடுவதையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். ஓட்டம் என்றால் தண்டனை என்று 12 வயதில் மனதில் பதிந்தால் பிறகு அழிப்பது கஷ்டம். கணக்கு ஆசிரியரிடம் சொல்ல ஒரு வாதம் உண்டு: ஓடியாடிய பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கவனம் கூர்மையாக இருக்கும். பி.டி.யை அவருடைய பீரியடுக்கு முன்னால் போடச் சொல்லுங்கள், அவருக்கே லாபம்.

மகனுக்கு 14 வயது, எடை அதிகம். கழுத்தில் அழுக்கு போலக் கறுப்பு, தேய்த்தாலும் போகவில்லை. ஓடச் சொன்னால் வெட்கப்படுகிறான்.
– ஒரு தந்தை, ஈரோடு

அது அழுக்கல்ல, தேய்க்காதீர்கள். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கறுப்பது, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். குழந்தைகள் மருத்துவரிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒரு நூலை எடுத்து அவன் உயரத்தை அளந்து பாதியாக மடியுங்கள். அந்தப் பாதி நூல் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி வரவில்லை என்றால் வயிற்றுக் கொழுப்பு அதிகம்.

ஓட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். மூச்சு வாங்கும், தொடை உரசிப் புண்ணாகும், மூன்றாம் நாள் விட்டுவிடுவான். சைக்கிள், நீச்சல், இருவர் ஆடும் ஷட்டில் நல்ல தொடக்கம். எடை கூடிய பிள்ளைகள் தூக்குவதிலும் தள்ளுவதிலும் மற்றவர்களைவிடக் கெட்டி, ஆகையால் மேலே சேலம் மாணவருக்குச் சொன்ன பயிற்சியை இவனும் செய்யலாம். வகுப்பில் தான் முந்தும் ஒரு விஷயம் கிடைத்தால் வெட்கம் குறையும். எடையை வாரா வாரம் எல்லோர் முன்னாலும் பார்க்காதீர்கள். மாமா, சித்தி யாரும் ‘குண்டா’ என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்தி.

ஆஸ்துமா உள்ள பிள்ளை விளையாடலாமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

விளையாடலாம். ஆட்டத்துக்கு முன் 10 நிமிடம் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் ஆட்டத்துக்கு 10–15 நிமிடம் முன்னதாக இன்ஹேலர். அது பையில் இருந்தால் போதாது, களத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இளைப்பு வந்தால் விளையாட்டை நிறுத்தாமல் மருந்தை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள்.

மே மாதக் கோச்சிங் கேம்ப். வெயிலில் எவ்வளவு நேரம் விடலாம்?
– ஒரு தந்தை, வேலூர்

காலை 9 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின். வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும், அதனால் முதல் வாரம் பாதி நேரம், பாதி வேகம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல். ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், பாட்டிலுக்குத் தக்கபடி பாதிப் பாதியாகப் போடக் கூடாது. தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் உட்காரவைத்து அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. 108ஐ ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓடும்போது ஒரு தடவை மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாததால் இருக்குமா?
– ஒரு தாய், தூத்துக்குடி

இருக்கலாம், ஆனால் அப்படி முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல. அசெம்பிளியில் வெகுநேரம் நின்று மயங்குவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது, ஓட்டத்தில் நெஞ்சுவலி, படபடப்பு, குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி, எக்கோ எடுத்து இதய மருத்துவர் சரி என்று சொல்லும் வரை விளையாட்டு வேண்டாம். பள்ளியிலும் பி.டி. ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.